படம் போட்டவன் நின்ற இடம்

1

சென்ற வாரம் ஒரு வயதான தம்பதி எங்கள் ஊர் ஓவியத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "இதை வரைந்தவர் எந்த இடத்தில் நின்று வரைந்திருப்பார்?" என்று கேட்டார். நான் இந்த அருங்காட்சியகத்தில் அந்த அறையைக் காவல் காக்கிறவள். கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்றுதான் என்னிடம் கேட்பார்கள். ஓவியம் பற்றிச் சொல்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

"அது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு, மதாம்" என்றேன்.

அவர்கள் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து என்ன வழக்கு என்று கேட்டார்கள். பாதி சொல்வதற்குள் மூடும் மணி அடித்துவிட்டது. மீதியையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். அப்பா இங்கே வந்துபோய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

நாங்கள் இருப்பது பிரான்ஸின் உட்பகுதியில், ஓர் ஆற்றங்கரை ஊர். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குப் பிடிபடாது. ஒரு பழைய கல்பாலம், அதைத் தாண்டினால் மேட்டில் ஒரு கதீட்ரல், அதன் காலடியில் சரிந்து இறங்கும் ஓட்டு வீடுகள், அவ்வளவுதான் ஊர். நூறு வருடத்துக்கும் முன்னால் ஓர் ஓவியர் இங்கே சில மாதம் தங்கி இதையெல்லாம் படமாக்கியிருக்கிறார். தூரிகையை இழுத்துப் பூசாமல் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பும் முறை. கிட்டப் போனால் ஊதாவும் ஆரஞ்சும் பச்சையுமாகக் கடுகு சிந்தியது போலிருக்கும். நாலு அடி பின்னால் வந்தால் தண்ணீரில் வெயில் விழுந்து கதீட்ரல் கோபுரம் நடுங்குவது தெரியும்.

கிட்டப் போகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'தொடாதீர்கள்' என்று நினைத்துக்கொண்டு பல மாதம் 'இருமாதீர்கள்' என்று சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சில் தொடுவதற்கு தூஷே, இருமுவதற்கு தூஸே. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரிக்கு இந்த வித்தியாசம் நாக்கில் நிற்க நாளாயிற்று. ஒரு பெரியவர் என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து, இருமலை அடக்கிக்கொண்டு வெளியே போய் இருமிவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் கூட வேலை பார்ப்பவள் என்னைத் தனியே கூப்பிட்டுத் திருத்தினாள்.

2

அப்பா ஞானசிகாமணி சர்வேயர். திருவைகுண்டம், சாத்தான்குளம் பக்கத்து வயல்களில் அவர் சங்கிலி பிடிக்காத வரப்பு குறைவு. ஓய்வு பெற்ற பிறகும் வழக்குள்ள நிலம் என்றால் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். இருதரப்பும் கொடுக்கும் காப்பியைக் குடிக்க மாட்டார். குடித்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகப் பேச்சு வருமாம்.

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தபோது சேவியரைச் சந்தித்தேன். மணப்பாட்டுக்காரர். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் ஆரம்பித்து, பிறகு பெரிய கப்பல்களுக்குப் போனவர். நாங்கள் புராட்டஸ்டண்டு திருச்சபைக்காரர்கள், அவர்கள் ஆர்.சி. கத்தோலிக்கர்கள். அப்பா கத்தவில்லை, கதவை அடைக்கவில்லை. "உனக்கு வயசு வந்தாச்சு" என்று மட்டும் சொன்னார். மணப்பாட்டில் மேட்டில் நின்று கடலைப் பார்த்திருக்கும் கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தபோது அம்மா மட்டும் பஸ் ஏறி வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிப் போனாள்.

பிறகு சேவியரின் பெரியப்பா மகன் மூலமாக இங்கே வந்தோம். சேவியர் ஆற்றில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். கடலில் கிடந்த மனிதருக்கு இந்த ஆறு வாய்க்கால் மாதிரி. ஆனால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம், அதற்காகவே பிடித்துப்போயிற்று.

அம்மா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி எல்லோரிடமும் பேசுவாள், மருமகனிடமும். அவள் போன பிறகு போனை அப்பா எடுக்க வேண்டியதாயிற்று. "சுகமா? பிள்ளை சுகமா? மழை உண்டா?" அதோடு முடிந்துவிடும். சேவியர் பக்கத்திலேயே நிற்பார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

அவரை ஒருமுறை இங்கே கூட்டிவர வேண்டும் என்று முதலில் சொன்னது சேவியர்தான்.

3

கூப்பிடுவது அத்தனை லேசாக இல்லை. இங்கே யாரையாவது வீட்டில் தங்க வைக்க வேண்டுமென்றால் நகராட்சி மன்றத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்காக ஒரு பெண் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். அறைகளை அளந்தார். அப்பா எங்கே படுப்பார் என்று கேட்டார். மகளின் அறையைக் காட்டினேன். அப்படியானால் மகள் எங்கே படுப்பாள்? ஹாலில். ஹாலில் ஜன்னல் உண்டா? உண்டு. அவர் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். இந்த மனுஷி அப்பாவுக்கு ஏற்ற ஜோடியாக இருப்பார் என்று தோன்றியது.

அங்கே அப்பாவுக்கு முதல் தடவை விசா கிடைக்கவில்லை. அவர் திரும்பிப் போவார் என்பதில் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். சென்னை வரை போய் அலைந்துவிட்டு வந்த கோபத்தில் போனில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் பேசினார்.

"நான் ஏன் அங்கன தங்கப்போறேன்? நாசரேத்துல வீடு இருக்கு, கல்லறைத் தோட்டத்துல உங்க அம்மை பக்கத்துல எனக்கு இடம் இருக்கு. இதை அந்த ஆளுகிட்ட எப்படிச் சொல்ல?"

"கல்லறையைச் சொல்லாதீங்கப்பா. வீட்டை மட்டும் சொல்லுங்க."

இரண்டாம் தடவை கிடைத்துவிட்டது. என்ன சொன்னார் என்று இதுவரை சொல்லவில்லை.

4

என் மகள் லேயாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தமிழ் புரியும். பதில் பிரெஞ்சில்தான் வரும். சின்ன வயதில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடம் போகப்போக ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்து, கடைசியில் சாப்பாட்டுச் சொற்கள் மட்டும் மிச்சமிருந்தன. தாத்தா வருகிறார் என்றதும் என்ன நினைத்தாளோ, தமிழில்தான் வரவேற்கப்போகிறேன் என்று தானாகவே சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் அப்பா வெள்ளைச் சட்டையும் கம்பளித் தொப்பியுமாகத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இளைத்திருந்தார். லேயா முன்னால் ஓடிப்போய்த் தெளிவாக, சத்தமாகச் சொன்னாள்:

"ஏலே தாத்தா."

சேவியர் மணப்பாட்டு நண்பர்களோடு போனில் பேசும்போதெல்லாம் 'ஏலே' என்றுதான் ஆரம்பிப்பார். பிள்ளை அதை வணக்கம் என்று எண்ணியிருக்கிறாள். சேவியரின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னளா," என்றார். "எங்கன படிச்ச இந்தத் தமிழ?"

அவளுக்குக் கேள்வி புரிந்தது. சேவியரைக் கைகாட்டினாள். அப்பாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. பெட்டியை வாங்க சேவியர் கையை நீட்டியதும் அது நின்றுவிட்டது. பெட்டியைக் கொடுத்தார். ஆனால் என்னைப் பார்த்து, "கனமா இருக்கும், பாத்துத் தூக்கச் சொல்லு" என்றார்.

இப்படியே ஓடியது முதல் இரண்டு வாரமும். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். "மீன் இன்னொரு துண்டு வேணுமான்னு கேளு" என்பார் அப்பா என்னிடம். சேவியர், "போதும் மாமா" என்று நேராக அவருக்கே பதில் சொல்வார். அப்பா தலையை ஆட்டிக்கொள்வார். நான் நடுவில் ஒரு தபால்காரி. லேயாவுக்கு இது விநோதமாக இருந்தது. நம் நாட்டு வழக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

5

பகலில் அப்பாவைத் தனியாக வீட்டில் விட்டுப்போக மனமில்லாமல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு அனுமதி இலவசம். என் அறையில் பெஞ்சில் உட்கார வைத்தேன். எதிரே அந்த ஓவியம்.

முதல் நாள், "அம்மை போட்ட மாதிரியில்லா இருக்கு" என்றார்.

"தள்ளி இருந்து பாக்கணும்பா."

இரண்டாம் நாள், "இது இந்த ஊருதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.  சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது பாலத்தின் நடுவில் நின்று கதீட்ரலைப் பார்த்தார். திரும்பிப் பாலத்துத் தூண்களைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. "பொய் சொல்லுதான்."

"யாருப்பா?"

"படம் போட்டவன்தான். பாலம் இவ்வளவு சரிஞ்சு தெரியணும்னா இவன் வலக்கரையில கீழ தள்ளி நிக்கணும். அங்கன நின்னா கோயில் பாலத்துக்கு இந்தப் பக்கம் வராது, அந்தப் பக்கம் போயிரும். ரெண்டையும் ஒருசேரப் பாக்க முடியாது. இஷ்டத்துக்குத் தூக்கி வச்சிருக்கான்."

"படம்தானப்பா. அழகுக்குக் கொஞ்சம் மாத்தியிருப்பார்."

"அழகுக்குக் கொஞ்சம் மாத்தினா அடுத்தவன் நிலம் போயிரும்ளா."

அன்று சாயங்காலமே வேலை ஆரம்பித்துவிட்டது. லேயாவின் பள்ளிக்கூட அளவுகோலும் பாகைமானியும் கடன் வாங்கப்பட்டன. அவளும் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியில் ஊரின் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அப்பா அதைத் தாளில் இறக்கினார். கணக்கில் அவள் கெட்டிக்காரி. அவர் தமிழில் 'கோணம்' என்பார், அவள் பிரெஞ்சில் சொல்வாள், இருவரும் தாளில் ஒரே இடத்தில் விரலை வைப்பார்கள். பள்ளி விட்டதும் நண்பர்களோடு ஆற்றோரம் சுற்றுகிறவள், அந்த வாரம் தாத்தாவோடு ஆற்றோரம் சுற்றினாள். அவளுடைய தோழிகள் இரண்டு பேர் கூடச் சேர்ந்துகொண்டு, ஒருத்தி கம்பைப் பிடித்து நிற்க, அப்பா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்ததை நானே அருங்காட்சியக ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

வலக்கரையில் ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தார்கள். எங்கும் பொருந்தவில்லை.

"நான் சொன்னேன்லா" என்றார் அப்பா. ஆனால் அதில் ஜெயித்த தொனி இல்லை. பொருந்தும் என்று உள்ளுக்குள் அவர் நம்பியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தப்பாக அளந்த ஒரு நிலத்தை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டுமே என்ற வருத்தம் போல, அன்று இரவு சாப்பாட்டில் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

சேவியர் அவர் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "செவ்வாக்கிழமை உனக்கு லீவுல்லா. மொதலாளிகிட்ட சின்னப் படகு கேட்டிருக்கேன். சும்மா ஒரு சுத்துச் சுத்திட்டு வருவோம். எத்தன நாளுதான் மனுஷன் தரையிலேயே நடப்பாரு."

6

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் போனோம். லேயா பள்ளிக்கு மத்தியானம் மட்டம் போட்டாள். அதற்கு நான் எழுதிக்கொடுத்த காரணத்தை இங்கே எழுதுவது நல்லதல்ல. அப்பா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு படகின் நடுப்பலகையில் உட்கார்ந்தார். வயல்காட்டு மனிதர். தண்ணீரைக் கண்டால் கொஞ்சம் பயம். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தார்.

"மெதுவா ஓட்டச் சொல்லு" என்றார் என்னிடம்.

"மெதுவாத்தான் மாமா போறேன்" என்றார் சேவியர் பின்னாலிருந்து.

கீழே போய்த் திரும்பி, பாலத்தைப் பார்த்து மேலே வந்துகொண்டிருந்தோம். வெயில் நன்றாக இருந்தது. லேயா கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தாள். நான் கொண்டுவந்த முறுக்கை எடுத்து நீட்டினேன். அப்பா வாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பலகையைப் பிடித்திருந்த கைகள் இரண்டும் விட்டுப்போயிருந்தன.

"நிப்பாட்டும்" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. திரும்பி சேவியரைப் பார்த்துச் சொன்னார்.

"நிப்பாட்டும், நிப்பாட்டும். கொஞ்சம் பின்னால விடும். இன்னும். நீரு அந்த இடது பக்கம் திருப்பும். போதும், போதும். இங்கனதான்."

சேவியர் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராகப் படகை அப்படியே நிற்க வைத்தார். நான் பார்த்தேன். பாலம் படத்தில் போலவே சரிவாகத் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம், மேட்டில், கதீட்ரல் நின்றது. வருடக்கணக்காக என் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த படம் எல்லாப் பக்கமும் பெரிதாகி முன்னால் வந்திருந்தது. ஒரு வீடு கூடுதல், சில மரங்கள் இல்லை. மற்றபடி அதேதான்.

 நானும் சேவியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதில் கவனமாக இருந்தோம். பார்த்திருந்தால் அப்பாவுக்குத் தான் யாரிடம் பேசினோம் என்பது நினைவுக்கு வந்திருக்கும்.

"பொய் சொல்லல்ல" என்றார் அப்பா கடைசியில். "ஆனா இங்கன தரை இருந்திருக்கணும். ஒரு திட்டு. அதுல நின்னு போட்டிருக்கான். கொற்கையில ஒரு காலத்துல கப்பல் வந்துச்சு. இப்போ நான் அங்கன வயலுக்குத்தான் சங்கிலி போட்டிருக்கேன். கடலே தள்ளிப் போயிருக்கு. இந்த ஆத்துல ஒரு திட்டு போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"படகுல இருந்தும் போட்டிருக்கலாம் மாமா."

"படகு ஆடும்யா. இவ்வளவு புள்ளியும் ஆடிக்கிட்டேவா வப்பான்?"

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு ரெண்டு நங்கூரம் போட்டா இந்த ஆத்துல அவ்வளவா ஆடாது. நாங்க தோணியில அரிசி பொறுக்கியிருக்கோம்."

"அரிசி பொறுக்குததும் படம் போடுததும் ஒண்ணா?"

"அரிசியில கல்லு சின்னது மாமா. புள்ளி பெருசு."

அப்பா யோசித்தார். "திட்டுதான்" என்றார். ஆனால் சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி, தான் ஒன்றை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாக நீட்டினார். சேவியர் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் படகு ஓட்டத்தோடு கொஞ்சம் கீழே போய்விட்டது. அப்பா அதற்கும் ஒரு சத்தம் போட்டார்.

வீடு திரும்பும்வரை திட்டா படகா என்றே பேச்சு. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவர்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு அது. லேயா என் காதில், "இனிமேல் நீ இடையில் சொல்ல வேண்டாமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

7

இதை எங்கள் அருங்காட்சியகத்தின் ஓவியப் பொறுப்பாளரிடம் சொன்னேன். படித்தவர், நல்ல பெண்மணி. ஆர்வமாகக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்துப் புள்ளி ஓவியர்கள் வெளியே சின்னச் சின்னதாகக் குறிப்புப் படம் போட்டுக்கொண்டு போய், பெரிய ஓவியத்தை மாதக்கணக்கில் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் வரைந்தார்கள் என்றார். எங்கே நின்றார் என்பதற்கு ஒரே இடம் என்று சொல்ல முடியாதாம்.

வீட்டில் வந்து சொன்னேன்.

"வீட்டுக்குள்ள இருந்தா?" என்றார் அப்பா.

"அதெப்படி வீட்டுக்குள்ள இருந்து இது வரும்?" என்றார் சேவியர்.

இருவரும் சேர்ந்து அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அப்பா ஊருக்குக் கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது, விசா அதற்கு மேலும் இருந்தது. கொஞ்சநாள் கூட இருங்கள் என்று நானும் சேவியரும் சொன்னோம். குறித்த தேதியில்தான் போவேன் என்றார். திரும்பிப் போகமாட்டார் என்று நினைத்த விசாக்காரர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மாதம் முழுக்க லேயா அவரோடு பேசினாள். தமிழில்தான், தப்பும் தவறுமாக. பஸ்ஸைப் பார்த்து "வாரான் தாத்தா" என்பாள். பஸ் 'வாரான்' இல்லை, 'வருது' என்று அவர் திருத்துவார். அவர் போன பிறகு அந்தத் தமிழ் பாதி போய்விட்டது. பாதி இருக்கிறது. நான் அதை நினைத்து அதிகம் கவலைப்படுவதில்லை. அவளுக்கு அவரோடு பேச இருக்கிறது, பேசுவதற்குத் தேவையான அளவு வைத்திருக்கிறாள்.

அப்பா ஊர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சேவியர் மேசையில் மறந்துவிட்டுப்போன போன் அடித்தது. மணப்பாட்டிலிருந்து அவருடைய அம்மா. வீடியோவைத் திறந்தால் மாமியார் முகம் இல்லை. அப்பா இருந்தார். வெள்ளைச் சட்டை, பின்னால் நீலம் அடித்த சுவர், மாதா படம்.

 அந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததே இல்லை.

"அப்பா, அங்கன என்ன பண்ணுதிய?"

"பஸ்ஸுல வந்தேன்" என்றார், அதுதான் கேள்வி என்பது போல. "நாசரேத்துல இருந்து என்ன தூரம்? இந்தக் கோயிலு இருக்க மேட்ட ஒரு தடவ பாக்கணும்னு தோணுச்சு. மாப்ள இல்லையா?"

"வேலைக்குப் போயிட்டாங்க."

போனை மாமியார் பிடுங்கிக்கொண்டார். "ஏளா எப்சி, உங்க அப்பாவுக்கு நெய்மீன் குழம்பு வச்சிருக்கேன். சாப்பிட மாட்டேங்காரு. நீயாவது சொல்லு."

"சாப்பிட மாட்டேன்னு யாரு சொன்னா?" பின்னாலிருந்து அப்பாவின் குரல். "முள்ளு பாத்து எடுக்கண்டாமா? நேரமாகும்லா."

"நெய்மீன்ல ஏது அண்ணாச்சி அவ்வளவு முள்ளு?"

"இருக்கு. நான் பாக்கேன்லா."

மாமியார் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார், பிறகு கையை எடுத்துவிட்டார்.  இருவரும் நான் இருப்பதை மறந்துவிட்டார்கள். அப்பா குனிந்து, ஒரு முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மாமியாரிடம் காட்டினார். மாமியார் கிட்ட வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

நான் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.